டன்னெட் ஊருக்குத் தாமதமாக வந்த கிரகணம்

2006-ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு டேல் அமண்ட்சனின் வீட்டுக்கு மேலே மட்டும் முழுச் சூரிய கிரகணம் பிடித்தது. இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி நீடித்தது. டேல் அப்போது புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு பிளேடை மாற்றிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் துணிகள் வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தன. இந்தப் பக்கம் கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன. உச்சி சாய்ந்து மேற்கே இருக்க வேண்டிய சூரியன் தென்கிழக்கில், தானியக் கிடங்கின் கூரைக்குக் கொஞ்சம் மேலே, கறுத்த வட்டமாக நின்றது. பிப்ரவரி மாதத்துக் குளிர் அடித்தது. இலவங்கப்பட்டை போட்ட சினமன் ரோல் ரொட்டி சுடும் வாசனை வந்தது. வெளிச்சம் திரும்பியபோது டேலின் மனைவி நட்டு வைத்திருந்த பன்னிரண்டு தக்காளிச் செடிகளும் பனியில் கருகிக் கிடந்தன.

காஃபிக் கடையில் டேல் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. தக்காளிச் செடிகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டு இப்படி ஒரு கதை விடுறியே, உன் பொண்டாட்டியாவது நம்புனாளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்டோபரில் தபால் அலுவலகத்து பெவ் பெர்க்ஸ்ட்ராமின் வீட்டுக்கு மேலே அதே கிரகணம் வந்தது. அதே சூரியன், அதே குளிர், அதே வாசனை. அதற்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்த வசந்தத்தில் ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இருபது வருடங்களுக்கு முன்பே ஊரை விட்டுப் போன கிறிஸ்டென்சன் பேசினார். மூன்றாவது மாடியில், தன் பால்கனியில் மட்டும் கிரகணம் பிடித்ததாகவும், தொட்டியில் இருந்த கள்ளிச்செடி உறைந்து செத்ததாகவும் சொன்னார். அமண்ட்சன், பெர்க்ஸ்ட்ராம், கிறிஸ்டென்சன். கடிதங்களை அகரவரிசையில் பிரித்துப் பழகிய பெவ்வுக்குத்தான் முதலில் விளங்கியது. அந்த மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிரகணம் அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, குடும்பப் பெயர் வரிசைப்படி வந்துகொண்டிருந்தது.

அந்த வகுப்பின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1979 பிப்ரவரி 26, திங்கட்கிழமை காலையில் மொன்டானா மாநிலத்தின் இந்தப் பகுதியில் முழு கிரகணம் வந்தது. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி ஆட்கள் வந்து பனியில் நின்று பார்த்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் பார்க்கவில்லை. கண் போய்விடும், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை மார்லிஸ் ஸ்கோகனுக்கு அப்போது இருபத்தேழு வயது, வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். சுற்றறிக்கை ஒன்று சொன்னால் இரண்டு செய்கிற சுபாவம். ஆறு ஜன்னல்களிலும் இறைச்சிக் கடையில் பொட்டலம் கட்டுகிற பழுப்புக் காகிதத்தைத் தானே ஏணி வைத்து ஒட்டினார். பிறகு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து, சுவருக்கு வெளியே நடந்துகொண்டிருந்த கிரகணத்தைச் சுவருக்கு உள்ளே கறுப்பு வெள்ளையில் பிள்ளைகளுக்குக் காட்டினார். பதினேழு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்காகப் பள்ளிச் சமையலறையில் சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் சினமன் ரோலும் தயாராகிக்கொண்டிருந்தன.

பதினேழு பேர் என்பது சரியில்லை, பதினாறு பேர். ஜோலின் வெய்லண்ட் என்ற எட்டு வயதுப் பெண், காம்பஸ் முனையால் காகிதத்தில் ஓர் ஓட்டை போட்டுக் கண்ணை வைத்திருந்தாள். அவள் கிரகணத்தைப் பார்க்க ஓட்டை போடவில்லை. வெளியே அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். ரூடி வெய்லண்ட் ஊரின் வெல்டர். எட்டரை மணிக்கே பிக்கப் வண்டியில் வந்து, வெல்டிங் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக் கதவைத் தட்டியிருந்தார். "டீச்சர், புள்ளைய ஒரு ரெண்டு நிமிஷம் அனுப்புங்க. இந்தக் கண்ணாடி வழியா பாத்தா ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துலயே நிக்கிறேன்." மார்லிஸ் சுற்றறிக்கையைக் காட்டினார். எங்கள் ஊர் ஆண்கள் காளை மாட்டோடு மல்லுக்கு நிற்பார்கள், கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்து அதிகாரியோடு வாய்ச்சண்டை போடுவார்கள், ஆனால் ஆசிரியையிடம் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ரூடி தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய் பள்ளி வேலியோரம் நின்றார். மனம் மாறி அனுப்பிவிட மாட்டார்களா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். மார்லிஸ் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தங்க நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்டினார். ஜோலின் அழுது கத்தினாள். அவளைக் கோட்டு மாட்டும் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த நவம்பரில் கிடங்கு ஏணியிலிருந்து தவறி விழுந்து ரூடி இறந்துபோனார்.

கிரகணம் வீடு வீடாக வர ஆரம்பித்ததும், அடுத்த பெயர்க்காரர் வீட்டை விட்டு நகராமல் இருப்பது வழக்கமாயிற்று. கேரி லண்ட் அதைக் கடைப்பிடிக்கவில்லை. மாடுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்த நாளில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் மனைவியும் நாயும் பார்த்தார்கள். அவருக்காக இன்னொரு முறை வரவில்லை. இன்றைக்கும் அந்த நாயைப் பார்த்தால் கேரிக்கு ஒரு பொறாமை உண்டு. அதன்பிறகு முறை வந்தவர் வீட்டிலேயே இருந்தார், லூத்தரன் சபைப் பெண்கள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுடுகிற ஹாட்டிஷ் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள், வேலிக்குள் மடக்கு நாற்காலிகள் விரித்தே கிடந்தன. கர்டிஸ் மாக்கி தபாலில் வரவழைத்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். முழுதாக மறைந்த பிறகு கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பது மனிதருக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடியும் கும்மிருட்டைப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்றார். டெடி ஓல்சன் 1991-லேயே லாரி கவிழ்ந்து செத்துப்போனவன். அவன் பெயரைத் தாண்டிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2012 மே மாதம் கல்லறைத் தோட்டத்தில் அவனுடைய கல்லைச் சுற்றி ஆறடிக்கு நாலடி இருட்டியது. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை நின்றிருக்கிறார்.

ஒவ்வொருவர் வீட்டிலும் கிரகணத்தோடு ஒரு மனிதரும் வந்தார். டேல் முதலிலேயே பார்த்திருந்தார், சொன்னால் மேலும் சிரிப்பார்கள் என்று மென்று விழுங்கிவிட்டார். வேலியோரம், கோட்டுப் பையில் ஒரு கை, வெல்டிங் முகமூடியைப் பிடித்தபடி இன்னொரு கை. வானத்தை அவர் பார்க்கவே இல்லை. வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பதினாறாவது ஆளான ரான் டாலஃப்சனின் அம்மா ஒரு கோப்பை காஃபி கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை. காஃபி உறைந்துபோயிற்று. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு ஜோலின் வீட்டுக்குப் போய், "உங்கப்பாவப் பாத்தோம். நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜோலின் அப்பாவின் வீட்டில் தனியாக இருந்தாள். கவுண்டிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள், மற்ற நேரத்தில் அப்பாவின் கொட்டகையில் வெல்டிங் செய்தாள். எங்கள் பக்கத்தில் சாலையில் எதிர்ப்படுகிற எவருக்கும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது மரியாதை. ஜோலின் எல்லாருக்கும் தூக்குவாள். மார்லிஸ் டீச்சருக்கு மட்டும் தூக்க மாட்டாள். பள்ளியை விட்ட நாள் முதல் அப்படித்தான். டீச்சர் வீட்டு வாசலிலும் பனியைத் தள்ளித்தான் போவாள், மற்றவர்கள் வாசலைவிடச் சுத்தமாகவே தள்ளுவாள், ஆனால் விரல் மட்டும் எழாது.

ரான் டாலஃப்சனுக்குக் கிரகணம் வந்தது 2017 செப்டம்பரில். அதற்கு முந்தின மாதம்தான் நாடு முழுக்க வேறொரு கிரகணத்துக்காக அல்லோலகல்லோலப்பட்டது. அது முழுதாகத் தெரிந்த தெற்குப் பக்கம் நாங்கள் போகவில்லை, எங்களிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. அடுத்த பெயர் வெய்லண்ட். அதுதான் கடைசிப் பெயர். ஜோலின் பகல் வேலையை விட்டாள். விடிவதற்கு முன்பே பனியைத் தள்ளிவிட்டு, சூரியன் எழும்போது வீட்டு முற்றத்தில் இருப்பாள். சாயும்வரை வேலியைத் தாண்ட மாட்டாள். அப்பாவை இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைவிடக் குறைவாக ஒரு மனுஷி எதைக் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வரவில்லை. அதுவரை இரண்டு வீடுகளுக்கு இடையில் அதிகபட்சம் பதினேழு மாதம்தான் ஆகியிருந்தது. பதினேழு மாதம் போயிற்று, மூன்று வருடம் போயிற்று. பெவ்வின் மகள் திருமணத்துக்கு ஜோலின் போகவில்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கியபோதும் போகவில்லை. பக்கத்து ஊர்ப் பல் மருத்துவர் வந்து முற்றத்தில் உட்கார வைத்துப் பிடுங்கினார். "சூரியன் உனக்கு டிமிக்கி குடுத்துருச்சு போல, ஜோலின்" என்று டேல் கேலி செய்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. மறுநாள் ஒரு தட்டு ஹாட்டிஷோடு போய் மன்னிப்புக் கேட்டார்.

இந்த வருடங்களை எண்ணிக்கொண்டிருந்த இன்னொருவர் மார்லிஸ் ஸ்கோகன். ஓய்வு பெற்று, பழைய பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். அவரும் அந்தக் கிரகணத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றவர் அவர். பதினாறு பேரில் ஒருவர்கூட அவரை வேலிக்குள் கூப்பிடவில்லை, வன்மத்தால் அல்ல, யாருக்கும் தோன்றவில்லை. ஜோலினுக்கு ஏன் வரவில்லை என்ற யோசனையில் நான்கரை வருடம் தூக்கம் கெட்டவர், 2022 மார்ச்சில் ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கையை அப்படியே நிறுத்தினார். கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தார். பள்ளியை மூடியபோது பதிவேடுகளையெல்லாம் தேவாலயத்தின் நிலவறையில்தான் போட்டிருந்தார்கள், கிறிஸ்துமஸ் நாடகத்து அட்டை ஒட்டகத்துக்குப் பின்னால். 1978-79, மூன்றாம் வகுப்பு. பிப்ரவரி 26-க்கு நேராக, வெய்லண்ட் என்ற பெயரின் கட்டத்தில், சிவப்பு மையில் தன் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: வரவில்லை.

மார்ச் 28-ஆம் தேதி அந்தப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜோலினின் வீட்டுக்குப் போனார். ஜோலின் சமையலறைக் கதவைத் திறந்தாள். காஃபிப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எதிரியே வந்தாலும் முதலில் கோப்பையை எடுத்து வைத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். ஜோலின் கோப்பையை எடுக்கவில்லை.

"வழி தப்பி வந்துட்டீங்களா, டீச்சர்?"

"இல்ல ஜோலின். உனக்கு ஏன் வரலன்னு தெரிஞ்சுபோச்சு." பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்தார். "அன்னைக்கு நீ வகுப்புலயே இல்லன்னு எழுதி வெச்சிருக்கேன்."

ஜோலின் அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "நான் இருந்தேனே. கோட்டு ரூம்ல, ஈர பூட்ஸுக்கு நடுவுல. டிவி சத்தம் கேட்டுச்சு. நீங்க சாக்பீஸ தட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் இல்லியா?"

"நீ கத்துன கத்துல எனக்குக் கோவம். இந்த வகுப்பு பிடிக்காதவ இந்த வகுப்புல இல்லன்னு சொல்லி எழுதிட்டேன். அடுத்த நாள் மாத்தணும்னு நெனச்சேன். மாத்தல. பயந்துட்டேன் ஜோலின். பதிவேட்டுல அடிச்சுத் திருத்துனா இன்ஸ்பெக்டர் கேப்பாரேன்னு."

"இப்ப திருத்துங்க."

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பதிவேட்டக்கூட நான் திருத்துனதில்ல."

"தெரியும். அதான் என் கண்ணு முன்னாடி திருத்துங்கன்னு சொல்றேன்."

மார்லிஸ் பேனாவை எடுத்தார். சிவப்பு எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே, வந்திருந்தாள், என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு, கதவருகில் போய் நின்றுகொண்டு, "அது வரும்போது நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு கவுண்டிக்குச் சொந்தம்" என்றாள் ஜோலின். "அங்க நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மறுநாள் காலையில் மார்லிஸ் ஒரு மடக்கு நாற்காலியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் கவுண்டிச் சாலையோரம் உட்கார்ந்தார். எழுபது வயது, வெளியே இன்னும் பனி உருகி முடியவில்லை. போகிற வருகிற வண்டிகள் எல்லாம் அவருக்கு இரண்டு விரலைத் தூக்கிப் போயின. வேலிக்கு உள்ளே ஜோலின் ஒரு கதிர் அறுக்கும் இயந்திரத்தின் சட்டத்தை வெல்டிங் செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் இருபது அடி தூரம். எட்டு நாள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள், ஏப்ரல் 6, மாலை நாலு இருபதுக்கு வெய்லண்ட் வீட்டுக்கு மேலே சூரியன் இடம் மாறி நின்று கறுத்தது.

வெளியே சாலையில் வெயில். வேலிக்கு உள்ளே ஈரம் பட்டது போல ஒரு வட்ட நிழல், அதற்குள் ஜோலின் மங்கலாக ஓடுவது, அவ்வளவுதான் மார்லிஸுக்குத் தெரிந்தது. உள்ளே நடந்ததை ஜோலின் பிறகு சொன்னாள். அப்பா வேலியோரம் நின்றிருந்தார். மீசையில் பனி. அவளைவிடப் பதினாறு வயது இளையவராக, முப்பத்தாறு வயதில் நின்றிருந்தார். "அப்பா" என்று கத்தினாள். திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். கோட்டு கைக்குத் தட்டுப்பட்டது, சில்லென்று இருந்தது, ஆனால் அவர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே போயிற்று. அப்போதுதான் பதினாறு வீடுகளில் யாருக்கும் கேட்காத குரல் அவளுக்குக் கேட்டது. "டீச்சர், புள்ளைய ஒரு ரெண்டு நிமிஷம் அனுப்புங்க." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் அதையே சொன்னார்.

நாற்பத்து மூன்று வருடமாகக் காத்திருந்த நேரத்தில் மிச்சம் இருந்ததை விட்டுவிட்டு ஜோலின் கேட்டை நோக்கி ஓடினாள். தாழ்ப்பாள் குளிரில் இறுகியிருந்தது, பூட்ஸால் உதைத்துத் திறந்தாள்.

"உள்ள வாங்க டீச்சர். அப்பா உங்க பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

மார்லிஸ் போர்வை நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளே நடந்தார். வேலியைத் தாண்டியதும் பிப்ரவரி முகத்தில் அறைந்தது. சினமன் ரோல் வாசனை வந்தது. ரூடி வெய்லண்ட் அவரைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

"டீச்சர், புள்ளைய ஒரு ரெண்டு நிமிஷம்..."

"கூட்டிட்டுப் போங்க, ரூடி" என்றார் மார்லிஸ். "தாராளமா கூட்டிட்டுப் போங்க."

ரூடி திரும்பினார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. வெல்டிங் முகமூடியை அவள் தலையில் வைத்து அளவு பார்த்தார், பிறகு எடுத்து அவள் கையில் கொடுத்தார். "முழுசா மறைஞ்சிருக்கறப்ப இது வேண்டாம்டா. வெறுங்கண்ணால பாரு." பாக்கி இருந்தது ஐம்பது விநாடி. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவில் அவர், "இன்னைக்கு மதியம் சில்லியா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றாள். வேறொன்றும் பேசவில்லை என்று ஜோலின் சொன்னாள். வேறெதுவும் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லையாம். பத்தடி தள்ளி மார்லிஸ் ஸ்கோகன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கறுத்த சூரியனையும் அதைச் சுற்றி வெள்ளையாக விரிந்திருந்த வெளிச்சத்தையும் பார்த்தார். கண்ணீர் இறங்கிக் கன்னத்தில் உறைந்தது. அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சம் திரும்பியபோது ரூடி அங்கே இல்லை, ஜோலினும் டீச்சரும் சமையலறைக்குப் போனார்கள். ஜோலின் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையில் வானிலைப் பத்தி இப்படி வந்தது: மழை கால் அங்குலம், மேற்குக் காற்று, வெய்லண்ட் முற்றத்தில் கிரகணம், உறைபனி. அடுத்த திங்கட்கிழமை ஜோலின் ஐந்து வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் வண்டியை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போனாள். டீச்சர் வீட்டைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் எழுந்தன. முகமூடி அவளிடமே தங்கிவிட்டது, கொட்டகை ஆணியில் தொங்குகிறது. ஜூலை வெயிலிலும் அதன் உட்புறத்தில் மெல்லிய பனி படிந்திருக்கும். கோடையில் வெல்டிங் செய்யும்போது முகத்துக்கு இதமாக இருக்கிறது என்கிறாள்.